ஜைனம்புவின் பழைய வெர்ஷன்

ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு நுழைந்தவர்களை ஜைனம்பு நல்ல வார்த்தை சொல்லி வெளியே அனுப்பியதே இல்லை. நிலையத் தலைவர் டாக்டர் சுப்பராயலுவாக இருந்தாலும் அதே கத்தல்தான்.

"சார், வெளிய வுட்டுட்டு வாங்க. ஏரி மண்ணு உப்பு மண்ணு. உள்ள போச்சுன்னா நீங்களா தொடைக்கப் போறீங்க?"

அவர் முகம் கடுக்கத் திரும்பிப் போவார். அவளை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று அவர் நினைக்காத வாரம் கிடையாது. ஆனால் அந்த மிஷினை அவளைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால், அவளுக்கு வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது.

பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள் ஜைனம்பு. வாப்பா கருவாடு வியாபாரம் செய்தார். எழுபத்தெட்டில் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, மறு வருஷமே மௌத்தாகிப்போனார். புருஷன் வீட்டில் அவள் தங்கியது வாப்பாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரைக்கும்தான். "இவளோட எவனும் பேசி ஜெயிக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு வந்தாள். ஏரியைப் பற்றி ஆராய்வதற்காக எண்பத்துநாலில் ஊருக்குள் ஒரு நிலையம் திறந்தபோது, அதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். வேலைக்கு மனு போட்டவர்களில் உள்ளூர்க்காரி அவள் ஒருத்திதான்.

இரண்டு வருஷம் கழித்து, வெளிநாட்டு உதவிப் பணத்தில் அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஒரு பீரோ உயரம். அதற்குள் ஓடியது யூனிக்ஸ் என்றார்கள். யூனிக்ஸ் என்றால் மிஷினுக்கு அஸ்திவாரம் மாதிரி, மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கும் என்று, டைப்பிங் தெரிந்தவள் என்பதால் அவளை அனுப்பிய மெட்ராஸ் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். படகுத்துறை ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதற்குள் ஒரு மிதவையை விட்டிருந்தார்கள். ஏரித் தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த அளவு கம்பி வழியாக மிஷினுக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு ரிப்போர்ட் அச்சாக வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆரம்பத்தில் மிஷின் அவளை அழவைத்தது. கரண்ட் நின்று வந்தால் எழுந்திருக்காது. உப்புக் காற்றில் உள்ளே இருந்த கார்டுகளின் செப்புக் கால்கள் பச்சை பூத்துப்போகும். அவள் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஒவ்வொரு காலாகத் துடைத்தாள். ஸ்டெபிலைசருக்கு மேல் ஸ்டெபிலைசர் கேட்டுச் சண்டை போட்டு வாங்கினாள். தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். எண்பத்தேழு பொங்கலுக்குப் பிறகு மிஷின் ஒருநாள்கூட நிற்கவில்லை. வெளியே சொல்லமாட்டாள், ஆனால் அந்த விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில்தான் டாக்டர் சுப்பராயலு வண்ணப் படம் வரையும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். பிளாட்டர் என்று பெயர். செப்டம்பரில் உதவிப் பணம் கொடுக்கும் கமிட்டி வரப்போகிறது. அவர்களுக்கு ஏரியின் படத்தை நாலு வண்ணத்தில் போட்டுக் காட்ட வேண்டும். பிளாட்டரைப் பொருத்திப் பார்த்தால், இருக்கிற யூனிக்ஸுக்கு அதை அடையாளமே தெரியவில்லை. யூனிக்ஸின் புது வெர்ஷன் போட்டால்தான் முடியும் என்றது மிஷினை விற்ற கம்பெனி.

"கமிட்டி போனதுக்கு அப்புறம் போடலாம் சார்," என்றாள் ஜைனம்பு.

"கமிட்டிக்காகத்தான் போடறதே."

"ஓடிட்டு இருக்கறத எதுக்கு சார் தொடணும்? மொகத்துவாரம் மூடிக்கினு வருது. மெட்ராஸ் ஆபீசு நம்ம ரிப்போர்ட்டத்தான் கேக்குது. இப்ப மிஷினு படுத்துச்சுன்னா?"

"கம்பெனி எஞ்சினியர் வந்து போடப் போறார். நீ இல்ல. உனக்கு எதுக்குப் பயம்?"

"படுத்தா எழுப்பப் போறவ நான்தானே சார்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

முகத்துவாரம் என்பது ஏரியும் கடலும் சேரும் வாய். அந்தக் கோடையில் மணல் தள்ளித் தள்ளி அது இடுப்பளவு கால்வாயாகச் சுருங்கியிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் வராது. இறால் வராவிட்டால் கரையோரக் குப்பங்களில் அடுப்பு எரியாது. தூர்வாரும் இயந்திரத்தை அனுப்ப வேண்டுமென்றால், ஒரு மாதத்து நீர்மட்ட அளவு விட்டுப்போகாமல் வேண்டும் என்று மெட்ராஸ் அரசாங்க ஆபீஸ் சொல்லிவிட்டது. அந்த மாதம் பாதி ஓடியிருந்தது.

எஞ்சினியர் ராஜவேலு காந்தச் சுருள் டேப்புகளோடு வந்து இறங்கினான். டை கட்டின பையன், முப்பது வயசு இருக்கும். "ஒரே நாள் மேடம். பழசுல ஓடினது எல்லாம் புதுசுலயும் அப்படியே ஓடும்," என்றான்.

"எழுதிக் குடு."

அவன் சிரித்தான். எழுதிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் பிளாட்டர் சிவப்பில் ஒரு வட்டம் போட்டது. டாக்டர் கைதட்டினார். அதே நேரத்தில் ஜைனம்பு திரையில் நீர்மட்டத்தைக் கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். மிதவை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மிதவைக் கம்பியை மிஷினோடு பேசவைக்கிற சின்ன புரோகிராமைப் புது வெர்ஷன் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

"சின்ன விஷயம் மேடம். அடுத்த வாரம் எடுத்துட்டு வந்துடறேன்," என்று ராஜவேலு பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தான்.

அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு வந்தான். அதைச் சேர்க்க வேண்டுமென்றால், எழுதின புரோகிராமை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் புது கம்பைலர் வேண்டுமாம். கம்பைலரைப் போட்டால் டிஸ்கில் இடமில்லை. இடத்துக்காக எதையோ அழித்தான், பிரிண்டர் நின்றுபோனது. பிரிண்டரைச் சரிசெய்தான், ரிப்போர்ட்டில் தேதிக்குப் பதிலாக அர்த்தமில்லாத எழுத்துகள் வந்தன. ஒன்றைத் தொட்டால் ஒன்பது அவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எங்க ஆபீஸ்ல இது நல்லா ஓடுது மேடம்."

"அப்ப உங்க ஆபீசத் தூக்கினு வந்து இங்க வை. இந்த ஏரிய உங்க ஆபீசுக்குத் தூக்கினு போ. எது வசதியோ செய்யி."

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையா வேல செஞ்சியா நீ?"

மூன்றாவது வாரம், டாக்டர் மெட்ராஸுக்குப் போயிருந்த ஒரு காலையில், குப்பத்து ஆட்கள் வந்து நிலையத்தின் கேட்டைத் தள்ளினார்கள். முன்னால் நின்றவர் தேசப்பன். கரையோரக் குப்பங்களின் பஞ்சாயத்துக்குப் பேசுகிறவர், கடல் வெயிலில் கறுத்த அகல மார்பு. அவருக்குப் பின்னால் பெண்கள் காலிக் கூடைகளோடு நின்றார்கள்.

"இன்னாம்மா இது? மெட்ராஸ் ஆபீசுல போய்க் கேட்டா, உங்க ஊரு ரிப்போர்ட்டு நடுவுல நின்னுபூட்ச்சு, மொதல்லேர்ந்து ஒரு மாசம் குடுங்கன்றான். நீங்க உள்ள இன்னா பண்ணிக்கினுகீறீங்க? ஃபேனு காத்து வாங்கினுகீறீங்களா?"

பியூன் கேட்டைச் சாத்தப் போனான். ஜைனம்பு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே வந்தாள்.

"மிஷினு செத்துப்போச்சு," என்றாள். "நல்லா ஓடினு இருந்தத டாக்டர் சார் கலர்ப்படம் போடறதுக்காக மாத்தினாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல. கத்தறதா இருந்தா அவருகிட்ட கத்துங்க."

"எங்களுக்கு அவரும் ஒண்ணுதான், நீயும் ஒண்ணுதான்," என்றார் தேசப்பன். "அந்தக் கொழாய நட்டப்ப எங்க படகு கட்டற எடத்தப் புடுங்கிக்கினீங்க. ஏன்டா சாமின்னு கேட்டதுக்கு, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்னீங்க. எங்கடா அந்த நல்லது?"

கூட்டத்திலிருந்து யாரோ மீன் தண்ணீர் வாளியை வராந்தாவில் கவிழ்த்தார்கள். நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

ஜைனம்பு சொன்ன வார்த்தை அவளுக்கு முன்னால் டாக்டரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவர் மேசையைத் தட்டிக் கத்தினார். "வெளியாட்கள் முன்னாடி என்னைக் காட்டிக் கொடுப்பியா நீ? படிக்காதவ கையில மிஷினைக் கொடுத்தது என் தப்பு!"

"படிச்சவரு கையில போய்த்தான் சார் அது கெட்டுச்சு."

வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. தம்பி அப்துல் ஷுக்கூருக்குக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னான்: "குப்பத்து ஆளுங்க கடைக்கு வரதே இல்ல. உன் பேரச் சொல்லித் திட்டிட்டுப் போறாங்க. புருஷனோட குடும்பம் நடத்தத் தெரியல, மிஷினோட நடத்தினு கீற."

"மிஷினாவது அடுத்தவ பேச்சக் கேட்டுக்கினு என்னைத் தொரத்தல," என்றாள் அவள். உம்மா இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சாப்பிடுவது நின்றுபோனது.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கும் சாப்பாட்டுக்கும் எல்லோரும் போயிருந்த நேரத்தில், ஜைனம்பு கம்ப்யூட்டர் அறையை உள்ளே தாழிட்டாள். பழைய வெர்ஷனின் டேப்புகளை அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை. யாரையும் கேட்காமல் புது வெர்ஷனை முழுக்க அழித்துவிட்டுப் பழையதை ஏற்றினாள். வெளியே பியூன் கதவைத் தட்டினான். பிறகு டாக்டர் தட்டினார். அவள் திறக்கவில்லை. கடைசியில் திரையில் நீர்மட்டம் வந்தது. ஒரு எண், அதற்குக் கீழே இன்னொரு எண், சரியான தேதியோடு. அவள் எழுந்து போய்த் தாழை நீக்கினாள்.

"ஓடுது," என்றாள்.

டாக்டர் அவளைத் தாண்டிப் போய்ப் பிளாட்டரைப் பார்த்தார். அது செத்துக் கிடந்தது.

ரிப்போர்ட் மறுபடியும் மெட்ராஸுக்குப் போக ஆரம்பித்தது. ஆனால் குப்பத்து ஆட்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் ஆணும் பெண்ணுமாக மண்வெட்டியும் கூடையுமாய்ப் போய் இறங்கி, அவர்களாகவே மணல் மேட்டை வெட்டி வாயைத் திறந்தார்கள். இழுத்துக்கொண்டு போன தண்ணீரில் ஒரு தோணி கவிழ்ந்து ஒருவனுக்குக் கால் முறிந்தது. தூர்வாரும் இயந்திரம் வரவேயில்லை. ஜைனம்பு துறைக்குப் போனபோது தேசப்பன் அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். அவர்களுக்காகத்தான் தன் வேலையையே பணயம் வைத்தோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த எச்சில் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

கமிட்டி வந்தது; வண்ணப் படம் இல்லை. டாக்டர் சுப்பராயலு அவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் சாக்பீஸால் ஏரியை வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு அவர் ஜைனம்புவிடம் நேராகப் பேசியதில்லை. பக்கத்தில் அவள் நின்றாலும் பியூனைப் பார்த்துத்தான் சொல்வார்: "அந்த அம்மாகிட்ட சொல்லு, போன மாச ரிப்போர்ட் வேணும்னு."

ஜைனம்புவும் மாறினாள். மிஷினில் ஒரு எழுத்தைக்கூட இனி எவனும் மாற்றக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். கடவுச்சொல்லைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கம்பெனி அனுப்பிய டேப்புகளை உறையைப் பிரிக்காமல் பீரோவின் அடித்தட்டில் போட்டாள். எண்பத்தெட்டில் ராஜவேலு ஒருமுறை மெனக்கெட்டு வந்தான்.

"மேடம், சண்டைக்கு வரல. இந்தப் பழைய வெர்ஷன்ல ஒரு கோளாறு கண்டுபிடிச்சிருக்காங்க. டிஸ்க் நிரம்பற நிலைக்கு வந்தா, புதுசா வர்றதைப் பழசுமேலயே எழுதிடும். எச்சரிக்கைகூட வராது. மாத்திடுங்க."

"ஒரே நாள்ல முடியும்னியே, அதே வாயா இது?"

"இது நிஜம்."

"போய்யா."

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

எண்பத்தொன்பது கோடையில் மெட்ராஸிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து, முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் ஏரி எவ்வளவு ஏறியது என்று கேட்டாள். ஜைனம்பு பெருமையோடு அச்சடிக்கப் போனாள். தாள் ஓடியது. ஐப்பசிக்கு நேராகப் பங்குனித் தண்ணீர் நின்றது. கார்த்திகையைக் கேட்டாள். அங்கேயும் பங்குனி. நகல் டேப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தாள். நகல் எடுக்க, இருக்கிற அதே டேப்புகளில் பழையதன் மேலேயே மாற்றி மாற்றி எழுதுவதுதான் வழக்கம். கெட்டதையே நகலெடுத்து, நகலாலேயே நல்லதை அழித்திருந்தாள். பாதிக்கு மேல் போய்விட்டது; தினசரி ரிப்போர்ட்டில் அச்சானது நாளுக்கு ஒரு சராசரி மட்டும்தான், மணிக்கு மணி வந்த அளவு வேறெங்கும் இல்லை. மாணவி தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வெளியே போய் நின்றாள்.

ஜைனம்பு தானே டாக்டரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் தயாராக நின்றாள், அவர் கத்தவில்லை.

"இந்த நிலையத்துல நான் செஞ்ச ஒரே வேலை அந்த எண்கள்தான். எனக்கு ஓய்வு பெற ஒண்ணரை வருஷம் இருக்கு," என்றார். பிறகு வழக்கம்போலப் பியூனைப் பார்த்து, "இந்தம்மாவை வெளிய போகச் சொல்லு," என்றார்.

அவளை நீக்கச் சொல்லி மேலே எழுதினார். மிஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த எச்சரிக்கையை வாங்கிக்கொண்டு, ஜைனம்பு பொன்னேரிக்குப் போய் எலெக்ட்ரிக் ரயில் ஏறி, மெட்ராஸில் ராஜவேலுவின் கம்பெனியைத் தேடிப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"சொன்னேனே மேடம்," என்றான்.

"சொன்ன. அதுக்கு முன்னாடி நாலு தபா பொய்யும் சொன்ன. அஞ்சாவது நெசம்னு எனக்கு எப்டிய்யா தெரியும்?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் சமாதானம் எனக்கு வேணாம்," என்றாள். "புது வெர்ஷன் போடப் போறேன். நானே போடறேன், நீ வராத. எது நல்லாருக்கும்னு சொல்லாத. எதெது ஒடையும்னு மட்டும் சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு."

ராஜவேலு ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளி விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னான், அவளும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல்தான் கேட்டாள். ஆனால் அன்று அவன் சொன்னதில் பொய் இருக்கவில்லை.

புது வெர்ஷனை அவள் முழுசாக ஏற்றி முடிக்க அந்த மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. மிதவைக்கான புரோகிராமை அவளே திரும்ப எழுதினாள். எத்தனையோ முறை தப்பாகி, திட்டிக்கொண்டே திருத்தினாள். பிளாட்டர்கூட ஓடியது. டாக்டர் சுப்பராயலு ஒருநாள் வாசலில் நின்று அது ஏரியின் கரையை நீலத்தில் வரைவதைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. போன எண்கள் போனவையாகவே இருந்தன. ஓய்வு பெறும்போது பிரிவு உபசாரத்துக்கு அவர் எல்லோரையும் அழைத்தார், அவளைத் தவிர.

ஒரே ஒரு கோளாறு மட்டும் தங்கிவிட்டது. தினசரி ரிப்போர்ட்டின் கடைசி வரி இரண்டு முறை அச்சாகும். புதிதாக வந்த தலைவர் கேசவன், தொண்ணூற்றொன்று ஐப்பசியில் அதைச் சுட்டிக் காட்டி, "இதைச் சரிபண்ண முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"முடியும் சார்," என்றாள் ஜைனம்பு. "அதத் தொட்டா இன்னொண்ணு போவும். மழ முடியட்டும், பாக்கலாம்."

மழை முடிந்தது. கேசவன் மறுபடியும் கேட்டார். அவள் கடைசி வரி இரண்டு முறை விழுந்திருந்த அன்றைய தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ரிப்போர்ட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.